கம்போடியாவில் குழந்தைகள் இல்ல ஊழியம்: முதல்முறை போகிறவர்களுக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூர், மலேசியத் தமிழ்ச் சபைகளில் மிஷன் பயணத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அறிவிப்பு வந்துவிடும். அதில் அடிக்கடி காதில் விழும் ஊர் கம்போடியா. சிங்கப்பூரிலிருந்து புனோம் பென்னுக்கு இரண்டு மணி நேர விமானப் பயணம்தான். சென்னையிலிருந்து போகிறவர்கள் பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் இவற்றில் ஒன்றில் விமானம் மாறிப் போகலாம். அங்கே சபைக்குத் தெரிந்த ஒரு போதகர் இருப்பார். அவர் பொறுப்பில் ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கும். ஒரு வாரம் தங்கி, பிள்ளைகளோடு பாடி, விளையாடி, சுவருக்குப் பெயிண்ட் அடித்து, ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்புவது வழக்கமான திட்டம்.

பெயர் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற, இதுவரை போகாத ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லும் யாக்கோபு நிருபத்தைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம், இரண்டு வாரம் வந்து போகிறவர் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலைக்குள் போகவே கூடாது. அவர்களை வருடம் முழுக்கப் பராமரிக்கிற கம்போடியர்களுக்குக் கைகொடுக்கலாம். கீழே வரும் எல்லாமே இதை ஒட்டித்தான்.

போவதற்கு முன்: அந்தப் பிள்ளைகள் யார்?

கம்போடியா என்றதும் 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமைதான் பலருக்கு நினைவுக்கு வரும். லட்சக்கணக்கானோர் செத்த நாடு, ஆகவே அநாதைப் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தலைமுறைக்கு அது உண்மை. இன்று இல்லத்தில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் கதை வேறு.

2011-இல் கம்போடிய சமூக நல அமைச்சகமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாய், தகப்பன் இருவரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். அதைவிட யோசிக்க வைப்பது இன்னொன்று. 2005-க்கும் 2010-க்கும் இடையில், போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகு, சுற்றுலா வேகமாக வளர்ந்த காலத்தில், இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அந்த ஐந்து ஆண்டுகளில் அப்படிப் பெருகிவிடவில்லை. இல்லம் நடத்தப் பணம் வந்தது, பார்க்க ஆள் வந்தது, இல்லங்கள் பெருகின.

பெற்றோர் இருந்தும் ஏன் அனுப்புகிறார்கள்? நம் ஊரில் மிஷன் ஹாஸ்டலில் பிள்ளையை விட்ட பெற்றோருக்கு இதற்கான பதில் தெரியும். படிப்பு, மூன்று வேளைச் சாப்பாடு, வீட்டுக் கடன், தகப்பன் வேலைக்காகத் தாய்லாந்து போனது, தாய் மறுமணம் செய்தது. பாசமில்லாமல் யாரும் அனுப்புவதில்லை. இல்லம் நடத்துபவர் கிராமத்துக்கு வந்து, ‘உங்கள் பிள்ளை ஆங்கிலம் படிக்கும்’ என்று சொன்னால் ஏழைத் தாய் என்ன செய்வாள்?

அரசும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2015-இல் இல்லங்களை ஒழுங்குபடுத்த ஒரு துணை ஆணை பிறப்பித்தது. குடும்பத்தில் வளர்வதுதான் முதல் வழி, இல்லம் கடைசி வழி, அதுவும் தற்காலிகம் என்பது அரசின் கொள்கை. 2017-இல் வெளிவந்த அரசின் கணக்கெடுப்பில் 406 இல்லங்களில் 16,579 பிள்ளைகள் இருந்தார்கள். புனோம் பென், சியெம் ரீப், பட்டம்பாங் உள்ளிட்ட ஐந்து மாகாணங்களில் 30 சதவீதப் பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்று இலக்கு வைத்து வேலை நடந்தது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபையும், இல்லங்களில் தன்னார்வத் தொண்டு செய்யப் போகும் பயணங்களால் பிள்ளைகளுக்கு வரும் கேட்டைத் தன் தீர்மானத்தில் குறிப்பிட்டது.

பட்டம்பாங்கில் நடந்ததைச் சொன்னால் இன்னும் புரியும். டாரா விங்க்லர் என்ற ஆஸ்திரேலியப் பெண், மோசமாக நடந்த ஓர் இல்லத்திலிருந்து பிள்ளைகளை மீட்டு, 2007-இல் தானே ஓர் இல்லம் தொடங்கினார். கெமர் மொழி கற்றுப் பிள்ளைகளிடம் அவர்கள் மொழியிலேயே பேசத் தொடங்கிய பிறகுதான், அவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பம் இருப்பது அவருக்குத் தெரிந்தது. அதன்பின் அந்த அமைப்பு இல்லத்தை விட்டுவிட்டுக் குடும்பங்களைத் தாங்கும் வேலைக்கு மாறியது. கிறிஸ்தவர்கள் தொடங்கிய அமைப்புகளிலும் இந்த வழியில் போகிறவை உண்டு. புனோம் பென்னில் உள்ள ‘சில்ட்ரன் இன் ஃபேமிலீஸ்’ பிள்ளைகளை உறவினர் வீடுகளிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் சேர்க்கிறது. உங்கள் சபை இன்னும் எந்த இல்லத்தோடும் உறவு வைக்கவில்லை என்றால், இப்படிப்பட்ட ஓர் அமைப்பைத் தேடுவதே நல்லது.

முதல் வேலை: இல்லத்தை விசாரிப்பது

போதகர் சொன்னார், போன வருடமும் போனார்கள் என்பது போதாது. குழுத் தலைவர் இல்லப் பொறுப்பாளரிடம் கேள்விகளை எழுதி அனுப்பி, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். ஊழியக்காரரிடம் இப்படியெல்லாம் கேட்பது மரியாதையா என்று நம் ஆட்கள் தயங்குவார்கள். நல்ல இல்லம் நடத்துகிறவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவரே பதிலைத் தயாராக வைத்திருப்பார்.

சமூக நல அமைச்சகத்தில் பதிவு உண்டா, கடைசியாக அதிகாரிகள் எப்போது வந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி பதிவில்லாமல் இல்லம் நடத்தக் கூடாது என்பது நமக்குத் தெரியும். அங்கேயும் சட்டம் இருக்கிறது. ‘கர்த்தருடைய ஊழியம், பதிவு எதற்கு’ என்ற பதில் வந்தால் பேச்சை அதோடு நிறுத்துங்கள்.

அடுத்து, எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோரோ தாத்தா பாட்டியோ இருக்கிறார்கள், கடந்த ஓராண்டில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், அந்த வேலையைச் செய்யும் சமூகப் பணியாளர் யார் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விதான் முக்கியம். ‘எல்லாரும் அநாதைகள், யாரும் போகவில்லை’ என்று பதில் வந்தால், அங்கே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப யாரும் முயற்சி செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு எளிய கேள்வியும் உண்டு. ஏப்ரலில் கெமர் புத்தாண்டுக்கும், செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும் முன்னோர் பண்டிகையான புச்சும் பென்னுக்கும் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பாதிப் பேர் ஊருக்குப் போகிறார்கள் என்றால் அந்தப் பாதிப் பேருக்கு வீடு இருக்கிறது.

வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் தூங்கும் கட்டடத்தில் விருந்தாளிகளைப் படுக்க வைக்கும் இல்லம் வேண்டாம். பிள்ளைகள் விருந்தாளிகளுக்காக நடனம் ஆடுவது அன்றாட வழக்கமா என்றும் கேளுங்கள். வாரா வாரம் ஒரு குழு, வாரா வாரம் ஒரு நிகழ்ச்சி என்றால் அந்தப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று பொருள்.

கடைசியாக, உங்களிடம் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். குழந்தைப் பாதுகாப்பு விதிகளை அனுப்பிக் கையெழுத்து கேட்டார்களா? போலீஸ் சான்று கேட்டார்களா? இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம் கேட்டார்களா? பாஸ்போர்ட் நகலும் வந்து சேரும் தேதியும் மட்டும் போதும் என்றால், உங்களைப் போலவே யார் வேண்டுமானாலும் அந்தக் கதவைத் தாண்டலாம். அங்கே போகாதீர்கள்.

காகித வேலை

இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கம்போடிய விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் குறுகிய பயணத்துக்கு விசா இல்லாமல் உள்ளே போகலாம். விசாவில் சுற்றுலாவுக்கு ‘டி’ (T) வகை, வேலை, தொழில் போன்றவற்றுக்கு ‘ஈ’ (E) வகை. சம்பளம் இல்லையென்றாலும் இல்லத்தில் வேலை செய்வது சுற்றுலா இல்லை. எந்த விசாவில் வர வேண்டும், வேறு அனுமதி ஏதும் வேண்டுமா என்று இல்லம் எழுத்தில் சொல்லட்டும். விமானத்தில் வருகிறவர்கள் தரையிறங்குவதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் இணையத்தில் ‘இ-அரைவல்’ படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன, அரசுத் தளமா என்று பார்த்து நிரப்புங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும்.

போலீஸ் சான்று விஷயத்தில் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் குழம்புவார்கள். பாஸ்போர்ட் அலுவலகம் தரும் சான்று வெளிநாட்டு வேலை, குடியேற்றம் போன்றவற்றுக்கானது; சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு அதைத் தர மாட்டார்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவையில் தனிநபர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் வாங்க வேண்டும், போதகரும்தான். சபையில் பல வருடம் தெரிந்தவர் என்பதற்காக யாருக்கும் விலக்கு கொடுக்காதீர்கள்.

பயணக் காப்பீடு எடுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் பாங்காக்குக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுபோக வேண்டியிருக்கும் என்பதால், மருத்துவ இடமாற்றச் செலவும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

என்ன வேலை செய்யப் போகிறீர்கள்?

பெரும்பாலான குழுக்கள் இதைக் கடைசியில் யோசிக்கின்றன. முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

இல்லத்தில் பிள்ளைகளுக்கு நிலையாக இருக்கிறவர் அங்கே வேலை செய்யும் அம்மா. அவர் விடியற்காலையில் எழுந்து கஞ்சி வைப்பார். கெமர் மொழியில் அதை ‘பபோர்’ என்பார்கள். உப்புக் கருவாட்டோடு சாப்பிடுவார்கள். அது முடிந்தால் துணி, துணி முடிந்தால் மதியச் சமையல். கங்கோங் கீரைக் கட்டுகளைப் பிரித்துக் காம்பை நறுக்கி, சேற்று மீனைச் சுத்தம் செய்து, எலுமிச்சைப் புல்லும் மஞ்சளும் பூண்டும் உரலில் இடிக்கும்போதே ஒரு சின்னப் பெண் அவருக்குப் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். ‘அப்புறம் சொல்லு’ என்று அனுப்பிவிடுவார். வேறு வழியில்லை, இருபது தட்டு காத்திருக்கிறது.

சரி, நீங்கள் வந்துவிட்டீர்கள். அந்தப் பெண்ணை இழுத்து மடியில் உட்கார வைத்து நீங்கள் கதை கேட்கலாம். அல்லது உரலை வாங்கி நீங்கள் இடிக்கலாம். அந்த அம்மா உட்கார்ந்து அவள் கதையைக் கேட்கட்டும். இரண்டாவதைச் செய்யுங்கள். பாத்திரம், துணி, கீரை, தோட்டம், கொசுவலை தைப்பது, குழாய் பழுது, மின்விசிறி துடைப்பது என்று இல்லத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. அவற்றை நீங்கள் எடுத்துக்கொண்டால் அம்மாக்களின் நேரம் பிள்ளைகளுக்குப் போகும்.

கையில் தொழில் இருந்தால் இன்னும் நல்லது. நர்ஸாக இருந்தால் பணியாளர்களுக்கு முதலுதவியும் காய்ச்சல் அட்டவணை எழுதுவதும் சொல்லிக் கொடுக்கலாம். கணக்காளர் வரவு செலவு ஏடுகளைச் சீர்செய்யலாம். எலக்ட்ரீஷியன் ஒரு நாளில் செய்யும் வேலை வருடக்கணக்கில் நிற்கும். பிசியோதெரபிஸ்ட் ஊனமுற்ற ஒரு பிள்ளைக்குச் செய்ய வேண்டிய பயிற்சியை அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தால், நீங்கள் போன பின்னும் அது நடக்கும். நீங்கள் கிளம்பினதும் நின்றுபோகிற வேலையைத் தொடாதீர்கள். எந்த வேலையையும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

பெயிண்ட் அடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் பெயிண்டர் இருக்கிறார், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுவருக்கு உண்மையிலேயே பெயிண்ட் வேண்டுமென்றால் அவருக்குக் கூலி கொடுங்கள். ஆங்கில வகுப்பும் அப்படித்தான். ஒவ்வொரு குழுவும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் எத்தனை முறைதான் பழங்களின் பெயரைச் சொல்வார்கள்? அங்கே கெமர் ஆசிரியர் இருந்தால் அவருக்குப் பாடப்பொருள் தயாரிக்க உதவுங்கள். மாலையில் அவரோடு உட்கார்ந்து உச்சரிப்பு பழகுங்கள். வகுப்பை அவர் நடத்தட்டும்.

தடுப்பூசியும் பெட்டியும்

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பாவது மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காமாலை ஏ, டைஃபாய்டு, டெட்டனஸ், தட்டம்மை, சின்னம்மை இவற்றில் எது பாக்கி என்று கேளுங்கள். கிராமப் பகுதியில் தங்குவதென்றால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் பேசுங்கள். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். டெங்கு அப்போதுதான் அதிகம். கொசு விரட்டியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். உங்களுக்கே சளி, காய்ச்சல் இருந்தால் இல்லத்துக்குள் போகாதீர்கள். இருபது பிள்ளைகள் ஒரே கூடத்தில் தூங்குகிறார்கள்.

உடை அடக்கமாக இருக்கட்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். டாலர் நோட்டு கிழிசல் இல்லாமல் புதிதாக இருக்க வேண்டும், பழைய நோட்டை அங்கே வாங்க மாட்டார்கள். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியேல். பழைய துணி மூட்டை கொண்டுபோக வேண்டாம்.

முதல் நாள்

வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். கைகூப்பி ‘சும் ரீப் சுவா’ என்று வணக்கம் சொல்லுங்கள், பெரியவர்களுக்குக் கையை இன்னும் சற்று உயர்த்த வேண்டும். நன்றிக்கு ‘அ குன்’. நம்மைப் போலவே அவர்களும் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். மூத்தவரை ‘பங்’, சித்தி வயதுப் பெண்ணை ‘மிங்’, மாமா வயதுக்காரரை ‘பூ’. சமையல் செய்யும் அம்மாவை முதல் நாளே ‘மிங்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், முகமே மாறிவிடும். யார் தலையையும் தொடக்கூடாது. ஆசீர்வதிக்கிறோம் என்று பிள்ளைகள் தலையில் கைவைத்து ஜெபிப்பது நம் வழக்கம். அங்கே தலை மரியாதைக்குரிய இடம், அந்நியர் கை வைப்பது தவறு. எதிரே கைகூப்பி நின்று ஜெபியுங்கள்.

வண்டியை விட்டு இறங்கியதும் நான்கு வயதுப் பிள்ளை ஓடிவந்து, பெயர்கூடத் தெரியாத உங்கள் இடுப்பில் ஏறிக்கொள்ளும். ‘என்ன பாசமான பிள்ளை’ என்று குழுவே உருகிவிடும். கொஞ்சம் நிதானியுங்கள். வீட்டில் வளரும் நான்கு வயதுப் பிள்ளை அந்நியரைக் கண்டால் அம்மாவுக்குப் பின்னால் ஒளியும். முன்பின் தெரியாதவரிடம் தாவுவது, நிலையான ஆள் இல்லாமல் வளர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். 2000-இல் ருமேனியாவின் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வு ஒன்று, இல்லங்களில் இருந்த சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் கவனித்தது. குடும்பத்துக்குப் போனவர்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், வளர்ப்பவரோடு ஒட்டிக்கொள்ளும் பற்றிலும் வளர்ச்சியிலும் தேறினார்கள். குழந்தைக்கு வேண்டியது மாறாமல் இருக்கிற ஒரே ஆள். வாரத்துக்கு ஒருவராக வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகிற இருபது பேரால் அந்தக் காயம் ஆழமாகத்தான் ஆகும்.

அப்படியானால் தள்ளிவிடுவதா? வேண்டாம். குனிந்து அதன் உயரத்துக்கு உட்காருங்கள். சிரித்து வணக்கம் சொல்லுங்கள். அது ஒரு படத்தைக் காட்டினால் பார்த்து மகிழ்ந்து, ‘வா, மிங்கிடம் காட்டலாம்’ என்று கைபிடித்து அந்த அம்மாவிடம் கூட்டிப்போங்கள். பாராட்டு அவர் வாயிலிருந்து வரட்டும். குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, தனியாக வெளியே கூட்டிப்போவது எதுவும் உங்கள் வேலை இல்லை. எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். உங்கள் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் பணியாளர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும்.

பிள்ளைகளின் கதையைக் கேட்காதீர்கள். அப்பா எங்கே, அம்மா எப்படி இறந்தார், எப்படி இங்கே வந்தாய் என்று வருகிறவரெல்லாம் கேட்டால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் அந்த நாளுக்குத் திரும்ப வேண்டும். யாருக்கு என்ன வியாதி என்றும் விசாரிக்காதீர்கள், தெரியவந்தாலும் குழுவுக்குள் பேசாதீர்கள். அரசுப் பள்ளிகள் காலை, மாலை என்று இரண்டு வேளையாக நடப்பதால் பாதிப் பிள்ளைகள் எந்நேரமும் இல்லத்தில் இருப்பார்கள். வீட்டுப்பாடம் எழுதுகிற நேரத்தில் கிடாரை எடுத்துப் பாட ஆரம்பிக்காதீர்கள்.

படம் எடுப்பது

முகம் தெரியும் படம் ஒன்றும் வேண்டாம். பொறுப்பாளர் அனுமதித்தாலும் நீங்கள் எடுக்காமல் இருக்கலாம். பிள்ளையின் முகம், பெயர், இல்லம் இருக்கும் ஊர் மூன்றும் ஒரே பதிவில் இருந்தால், கெட்ட எண்ணம் உள்ளவன் தேடிவர அதுவே போதும். உங்கள் மகளை முன்பின் தெரியாத ஒருவர் கட்டிப்பிடித்துப் படமெடுத்து, ‘பாவம், அநாதை’ என்று எழுதிப் போட்டால் பொறுத்துக்கொள்வீர்களா? அந்தப் பிள்ளைகளுக்கும் தாய் இருக்கிறாள், அவள் கையிலும் போன் இருக்கிறது. ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் சைல்ட்சேஃப் இயக்கம், பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் இல்லை என்று 2011-இலேயே கம்போடியாவில் பிரசாரம் தொடங்கியது. சபையில் காட்ட சமையலறை, தோட்டம், நீங்கள் சரிசெய்த குழாய், அனுமதி கொடுத்த பணியாளர்கள் இவர்களின் படங்கள் போதும்.

பரிசும் பணமும்

தனியாக ஒரு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பொம்மை, மிட்டாய், பணம், உங்கள் தொலைபேசி எண் எதுவும். பொருள் வாங்குவதென்றால் என்ன வேண்டும் என்று கேட்டு, உள்ளூர்ச் சந்தையில் வாங்கி, பொறுப்பாளரிடம் கொடுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து உங்கள் கையால் வழங்க வேண்டாம். பேனா ஆனாலும் பாவாடை ஆனாலும் அதை இல்லத்து அம்மா கொடுக்கட்டும்.

பெரிய தொகையைப் பற்றி, கிளம்புவதற்கு முன்பே சபையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேரின் டிக்கெட், தங்குமிடம், விசா, வண்டி எல்லாம் சேர்த்து ஒரு பக்கம். கம்போடியச் சமூகப் பணியாளர் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்று இல்லத்தில் கேட்டு அதை இன்னொரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பணியாளர்தான் பிள்ளையின் கிராமத்துக்குப் பேருந்தில் போய், பாட்டியைக் கண்டுபிடித்து, பள்ளிச் செலவுக்கு வழி செய்து, பிள்ளையை வீட்டில் சேர்த்து, மாதா மாதம் போய்ப் பார்க்கிறவர். இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பத்துப் பேர் போக வேண்டுமா, மூன்று பேர் போதுமா என்று ஜெபித்து முடிவெடுங்கள். மூன்று பேர் போதும் என்பது என் எண்ணம்.

ஜெபமும் சட்டமும்

கம்போடிய அரசியலமைப்பில் பௌத்தம் அரசு மதம். மற்ற மதத்தவருக்கு வழிபாட்டு உரிமை உண்டு. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிப்பதையும், உணவோ பணமோ கொடுத்து மதம் மாற்றுவதையும் அரசு 2007-இல் தடை செய்தது. துண்டுப் பிரதியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். சிக்கல் வந்தால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், உள்ளூர்ச் சபைதான் பதில் சொல்ல வேண்டும்.

இல்லத்துக்குள் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் பௌத்தர்கள். சோற்றுக்கும் படுக்கைக்கும் நம்மை நம்பியிருக்கிற பிள்ளையிடம் ‘யார் இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்கள், கை தூக்குங்கள்’ என்றால் எல்லாக் கையும் உயரும். அது விசுவாசமா, வேறு வழி இல்லாததா என்று யாருக்குத் தெரியும்? வேதாகமப் பள்ளி நடத்தினால் உள்ளூர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் கெமரில் நடத்தட்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து காகிதம் வெட்டிக் கொடுங்கள். வர விரும்பாத பிள்ளை வராமல் விளையாடவும் உரிமை இருக்கட்டும்.

தவறு ஏதாவது கண்ணில் பட்டால்

அடி, பட்டினி, பூட்டிவைத்தல், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போவது போன்ற எதையாவது பார்த்தால், நேரம், இடம், பார்த்தது, கேட்டது ஆகியவற்றை அன்றிரவே எழுதிவையுங்கள். பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். குழுவின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். போவதற்கு முன்பே அப்படி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். சந்தேகம் இல்லம் நடத்துகிறவர் மேலேயே என்றால் சைல்ட்சேஃப், அல்லது பாலியல் கொடுமை வழக்குகளைக் கையாளும் ஏப்பிள் கம்போடியா அமைப்புக்குச் சொல்லலாம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1280. ‘ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும்’ என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். பிள்ளையின் உடம்பைவிட எந்த ஊழியத்தின் பெயரும் பெரிதில்லை.

கிளம்பும்போதும் அதற்குப் பிறகும்

போவதற்கு இரண்டு நாள் முன்பே, இன்ன கிழமை போகிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும். அதை அம்மாக்கள் கெமரில் சொல்வதே நல்லது. கடைசி நாளில் அழுகைக் கூட்டம் வைக்காதீர்கள். ‘சீக்கிரம் வருவேன்’, ‘உன்னை மறக்க மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் நன்றி சொல்லி, கைகூப்பி, பணியாளர்களிடம் தனியாக விடைபெற்றுக் கிளம்புங்கள். பிள்ளைகளோடு சமூக ஊடகத்தில் நட்பு வேண்டாம், தொடர்பு எல்லாம் இல்லத்தின் வழியாகவே இருக்கட்டும்.

சபையில் சாட்சி சொல்லும்போது, நீங்கள் பார்த்த பணியாளர்களைப் பற்றிச் சொல்லுங்கள். சபை மாதா மாதம் அனுப்பும் காணிக்கை ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்திருப்பதற்கு என்று இருந்தால், அதே தொகையை அந்தப் பிள்ளை வீடு திரும்பிய பின் பள்ளிச் செலவுக்கும் குடும்பத்துக்கும் தொடர்ந்து தருவோம் என்று இல்லத்துக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்லி மிஷன் கமிட்டியிடம் பேசுங்கள். பல இல்லங்கள் பிள்ளையை அனுப்பத் தயங்குவதே, பிள்ளை போனால் நன்கொடையும் போய்விடும் என்ற பயத்தால்தான். அந்தப் பயத்தை நீக்குவது நம் கையில் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்துப் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள், சமூகப் பணியாளரின் அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு வழி இருக்கிறதா, அடுத்த விடுமுறைக்கு ஆள் வேண்டுமா, வேண்டுமென்றால் என்ன வேலை தெரிந்தவர் வேண்டும் என்று கேளுங்கள். ஆள் வேண்டாம் என்று பதில் வந்தால் டிக்கெட் பணத்தை அனுப்பிவிடுங்கள்.